பிரேக் மணக்குது, துரை: கண்டி இறக்கங்களில் ஒரு கார் வரலாறு

எங்கள் குழுவில் ஒருவரிடமும் பி.எம்.டபிள்யூ. எம்5 இல்லை. வரும் என்ற நம்பிக்கையும் இல்லை. ஆனாலும் பேராதனையில் பிளேன்டீ ஆறுவதற்குள் எம்5-ஆ, ஏ.எம்.ஜி. பென்ஸா, அல்ஃபா ரோமியோ ஜூலியாவா என்று சண்டை தொடங்கிவிடும். போனில் பார்த்த காணொளிகள்தான் ஆதாரம். "இதோட ஸ்டியரிங் ஃபீல் செத்துப்போச்சு", "அதோட பிரேக் ஃபீல் கல்லு மாதிரி" என்று, ஓட்டியே பார்க்காத வண்டிகளுக்கு நாங்கள் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் எங்களில் ஒருத்தி குறுக்கிட்டாள். "ஃபீல் ஃபீல் என்று சொல்றீங்களே, அது என்னத்துக்கு? வண்டி திரும்பினா போதாதா? நின்னா போதாதா?"

யாருக்கும் சரியான பதில் வரவில்லை. காசுள்ளவர்களின் பொழுதுபோக்குச் சொல் ஒன்றை நாங்கள் இரவல் வாங்கிப் பேசுகிறோமோ என்றுகூடத் தோன்றியது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது. பதிலின் பாதி ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருந்தது. மற்றப் பாதி நாங்கள் தினமும் போய்வருகிற வீதியிலேயே கிடந்தது.

மாட்டுக்குப் போட்ட வளைவுகள்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வருபவர்கள் மாவனெல்லையைத் தாண்டியதும் கடுகண்ணாவை ஏற்றத்தில் ஏறுவார்கள். மேலே, வீதியோரம் துளைத்த பாறை ஒன்று நிற்கும். இப்போது வாகனங்கள் அதற்குப் பக்கத்தால் போகின்றன. பழைய வீதி அந்தத் துளைக்குள்ளாலேயே போனது. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைக்குப் போனபிறகு, ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், கப்டன் டோசன் என்ற பொறியியலாளர் முன்னின்று போட்ட வீதி இது. டோசன் 1829இல் இறந்துபோனார். அவர் நினைவாக எழுப்பிய கோபுரம் இன்றும் கடுகண்ணாவையில் இருக்கிறது. மலையைத் துளைத்து வருபவன்தான் கண்டியை ஆளுவான் என்று ஒரு நம்பிக்கை இருந்ததாகவும், அதற்காகவே பாறையைத் துளைத்தார்கள் என்றும் ஒரு கதை இங்கே எல்லாருக்கும் தெரியும்.

கல்வெட்டில் டோசனின் பெயர் இருக்கிறது. கல் உடைத்தவர்களின் பெயர் இல்லை. இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையில் ஊர் மக்களைக் கொண்டுவந்துதான் இந்த வீதி வெட்டப்பட்டது. அந்த முறை 1832இல் ஒழிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. பிறகு கோப்பித் தோட்டங்கள் வந்தன, மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்தே வந்த எங்கள் முன்னோர்கள் வந்தார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் வீதிகள் வந்தன.

இந்த வரலாறு காருக்கு எதற்கு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்த வீதிகளின் சரிவும் வளைவும் மாட்டுக்கும் குதிரைக்கும் கணக்குப் பார்த்துப் போடப்பட்டவை. பாரம் இழுக்கிற மாடு மூச்சு வாங்காமல் ஏற வேண்டும் என்றால் சரிவு குறைய வேண்டும். சரிவு குறைய வீதி மலையைச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும். புசல்லாவை, இறம்பொடை வழியாக நுவரெலியா போகிற வீதியும், மகியங்கனைப் பக்கம் இறங்கும் 18 வளைவும் பாதையை வளைத்து வளைத்து உயரத்தைச் சமாளிப்பவைதான். பிறகு அகலப்படுத்தினார்கள், தார் போட்டார்கள். ஆனால் மலையைச் சுற்றுகிற அந்தக் கோடு பெரிதாக மாறவில்லை. 400 குதிரைவலு செடானையும் இங்கே மாட்டு வண்டிக்காரன் திருப்பிய மாதிரித்தான் திருப்ப வேண்டும்.

34 தடவை

இப்போது ஒரு சின்னக் கணக்கு. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர். இடையில் சுமார் 1,350 மீற்றர் இறக்கம். ஆட்களோடு 1,800 கிலோ எடையுள்ள ஒரு பெரிய செடான் அந்த உயரத்தை இறங்கும்போது, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் போகும் அதே காரை முழுசாக நிறுத்துவதைப் போல 34 மடங்கு சக்தி எங்காவது போயாக வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இன்னொரு பங்கைச் சின்னக் கியரில் என்ஜின் எடுத்துக்கொள்ளும். மிச்சம் எல்லாம் பிரேக்கில் சூடாகத்தான் போகும்.

அந்தச் சூடு பெடலில் மூன்று விதமாகத் தெரியும். பழைய டிரம் பிரேக்கில் டிரம் சூடாகி விரிந்து, உள்ளே இருக்கிற லைனரை விட்டு விலகும். பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும். லைனரோ பேடோ அளவுக்கு மிஞ்சிச் சூடானால் உராய்வு குறையும். அப்போது பெடல் கல்லு மாதிரி இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. மூன்றாவது, பிரேக் ஒயில் கொதிப்பது. புது டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சிப் பழசானால் அது 140 வரைக்கும் இறங்கலாம். கொதித்தால் குழாய்க்குள் நீராவிக் குமிழி. பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரையைத் தொடும்.

ஆக, 'பிரேக் ஃபீல்' என்று நாங்கள் வாய்க்கு ருசியாகச் சொன்ன சொல், இந்த இறக்கத்தில் ஒரு எச்சரிக்கை. மூன்று ஆபத்து, மூன்று கையெழுத்து. காலுக்கு வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எங்களில் ஒருவரின் தாத்தா புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் டிரைவராக இருந்தவர். இறக்கம் தொடங்க முன்பே செருப்பைக் கழற்றிச் சீட்டுக்குக் கீழே தள்ளிவிடுவாராம். வெறுங்கால்தான் பெடலுக்கு. ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர். பாதி வழியில் பீலித் தண்ணீர் விழுகிற இடத்தில் ஓரங்கட்டி நிறுத்துவார். பின் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த துரை விழித்து, "ஏன் நிக்கிற, டிரைவர்?" என்பாராம். "பிரேக் மணக்குது, துரை. கொஞ்சம் ஆறட்டும்." தண்ணீர் பக்கத்திலேயே இருந்தாலும் சூடான டிரம்மில் ஊற்ற மாட்டார், வெடித்துவிடும் என்று தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு, மணம் போகும்வரைக்கும் நிற்பார்.

பின் சீட்டில் இருந்தவருக்கு மணக்கவில்லை. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு ஆடம்பர செடானின் வரலாற்றைப் பார்த்தால், பல விஷயம் விளங்கும்.

பின் சீட்டுக்காரருக்குச் செய்த வண்டி

ஸ்டியரிங்கில் இரண்டு பெரிய குடும்பங்கள். ஒன்று ரெக் அண்ட் பினியன்: ஸ்டியரிங் தண்டின் முனையில் ஒரு சின்னப் பற்சக்கரம், அது ஒரு பல் வைத்த கம்பியை இடமும் வலமும் தள்ளும். நடுவில் உறுப்புகள் குறைவு என்பதால் டயருக்கு நடப்பது கைக்கு உடனே வந்துசேரும். மற்றது குண்டுப் பெட்டி: திருகுக்கும் அதன் மேல் நகரும் கட்டைக்கும் நடுவில் எஃகுக் குண்டுகள் உருளும். குழியில் விழுந்த அடி பெட்டியிலும் அதோடு சேர்ந்த தண்டுகளிலும் பாதி செத்துவிடும். கை அதிராது. நடுவில் கொஞ்சம் 'ஆட்டம்' இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாட்டில் சாதாரண மனுஷர் ஓட்டிய மோரிஸ் மைனருக்கு முதல் வகை. 1948இல் அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து வந்த அந்தக் குட்டி வண்டியில் ரெக் ஸ்டியரிங் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆனால் கண்டி வீதிகளில் மரியாதையோடு வழிவிடப்பட்ட மெர்சிடிஸ் பென்ஸுக்கு, டபிள்யூ123, டபிள்யூ124 என்று தலைமுறை தலைமுறையாகக் குண்டுப் பெட்டிதான். நடுத்தர பென்ஸுக்கு ரெக் வந்தது 1995இன் டபிள்யூ210 மாடலில்தான்.

இரண்டையும் கடுகண்ணாவையில் ஓட்டிப் பார்க்கிற வாய்ப்பு எங்களுக்குக் கிடைத்தது, உறவினர் புண்ணியத்தில். மோரிஸில் வீதியின் ஒவ்வொரு ஒட்டும் உள்ளங்கையில் ஏறியது. டபிள்யூ124இல் பெரிய சக்கரத்தை அமைதியாகச் சுற்றிக்கொண்டே இருந்தோம். வண்டி தன் பாட்டில், அவசரமில்லாமல், சரியாகத் திரும்பியது. மட்டமான வேலை என்று அதைச் சொல்லவே முடியாது. நீண்ட தூரம் போகிறவர் களைக்கக்கூடாது, பின்னால் இருப்பவர் விழிக்கக்கூடாது என்று யோசித்துச் செய்த வேலை அது. ஆடம்பரம் என்றால் வீதியின் செய்தியை வடிகட்டுவது என்பதுதான் அன்றைய அர்த்தம்.

உலகம் முழுக்கவும் அந்தப் போக்குத்தான். 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் விற்பனைக்குப் பவர் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது. 1955இல் வந்த சித்ரோன் டி.எஸ். காரில் பிரேக் பெடலே கிடையாது. தரையில் காளான் மாதிரி ஒரு ரப்பர் குமிழ். காலால் மெல்ல அழுத்தினால் போதும், மற்றதை உயர் அழுத்த எண்ணெய் பார்த்துக்கொள்ளும். பழகாத கால் பட்டால் வண்டி குத்தென்று நிற்கும்.

வேகம் வந்தபோது

ஆனால் வண்டிக்கு வேகம் கூடக்கூட, வடிகட்டியதைத் திரும்பக் கொடு என்ற கேள்வியும் எழுந்தது. அது முதலில் எழுந்தது பந்தயத்தில். 1953இல் ஜாகுவார் சி-டைப் கார், டன்லப் டிஸ்க் பிரேக்கோடு லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தை வென்றது. டிஸ்க் திறந்த காற்றில் சுழல்வதால் சூடு சீக்கிரம் போகும். சூட்டில் விரிந்தாலும் பேடை விட்டு விலகாது. அதனால் பெடல் முதல் சுற்றில் இருந்த இடத்திலேயே கடைசிச் சுற்றிலும் இருக்கும். 1959இல் ஜாகுவார் மார்க் 2 செடானுக்கு நான்கு சக்கரத்திலும் டிஸ்க் வந்தது. தோல் சீட்டும் மரப் பலகையும் வைத்த ஒரு ஆடம்பர வண்டி, பந்தயக் காரின் காலை வாங்கிக்கொண்டது. ஸ்டியரிங் மட்டும் இன்னமும் பல சுற்றுச் சுற்ற வேண்டிய குண்டுப் பெட்டிதான். கால் முன்னேறியது, கை பின்தங்கியது.

1985இல் வந்த முதல் எம்5 286 குதிரைவலு. அதற்கும் குண்டுப் பெட்டி. எங்கள் சண்டைகளில் அதிகம் அடிபடும் இ39 எம்5 1998இல் வந்தது. 400 குதிரைவலு, வி8 என்ஜின். இதில் ஒரு சுவாரசியம். அதே இ39 குடும்பத்தில் ஆறு சிலிண்டர் என்ஜின் போட்ட மலிவான மாடல்களுக்கு ரெக் ஸ்டியரிங். வி8 என்ஜின் இடத்தைப் பிடித்துக்கொண்டதால், அதைப் போட்ட விலைகூடிய மாடல்களுக்கும் எம்5க்கும் பழைய குண்டுப் பெட்டி. ஆக, கைக்குச் செய்தி நன்றாக வந்தது மலிவான வண்டியில். காசு கொடுத்தால் ஃபீல் கூடும் என்று நினைத்த எங்களுக்கு இது நல்ல பாடம்.

பிறகு மின்சாரம் வந்தது. 1988இல் சுசுகி செர்வோ என்ற குட்டி ஜப்பான் காரில் மின்மோட்டார் உதவும் ஸ்டியரிங் அறிமுகமானது. எண்ணெய் பம்ப் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கத் தேவையில்லை, எரிபொருள் மிச்சம். எவ்வளவு உதவி கொடுப்பது என்பதை ஒரு சென்சாரும் கணினியும் முடிவுசெய்யும். 2010இல் எஃப்10 தலைமுறை பி.எம்.டபிள்யூ. 5க்கு அது வந்தபோது, அடுத்த ஆண்டு வந்த எம்5க்கு மட்டும் எண்ணெய் ஸ்டியரிங்கை விட்டுவைத்தார்கள். 2017இன் எஃப்90 எம்5இல் அதுவும் போய்விட்டது.

இதில் என்ன குறைகிறது? வளைவில் டயர் வீதியைப் பிடித்திருக்கும்போது, சக்கரம் நேராகத் திரும்பப் பார்க்கும். அந்த இழுப்புத்தான் ஸ்டியரிங்கில் பாரமாகத் தெரிவது. டயர் வழுக்கப் போகிறது என்றால், வழுக்குவதற்கு முன்பே அந்தப் பாரம் குறையும். மழை தூறி, மேட்டு மண் கழுவி வந்து வீதியில் படிந்திருக்கும் ஒரு நவம்பர் மாலையில், இறம்பொடை வளைவில் அந்த ஒரு கணம் மிகப் பெரியது. மோட்டார் கொடுக்கும் பாரம் எப்போதும் ஒரே மாதிரி இருந்தால் அந்தச் செய்தி கைக்கு வராது. இந்தப் பக்கத்து வீதிகளில் ஒரு வளைவு தவறினால் என்ன ஆகும் என்பதை 2025 மே 11ஆம் திகதி கொத்மலை கெரண்டியெல்லவில் பஸ் ஒன்று பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்தக் காலை எங்கள் எல்லாருக்கும் காட்டியது.

பிரேக்கிலும் கணினி வந்தது. 2002இன் டபிள்யூ211 பென்ஸ் ஈ-கிளாஸில் பெடலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் கணினி உட்கார்ந்தது. கால் அழுத்துவதை அது அளந்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக அழுத்தம் அனுப்பும். காலுக்குக் கிடைக்கும் எதிர்ப்பு, செயற்கையாகச் செய்துகொடுத்த எதிர்ப்பு. முறை பழுதானால் முன் சக்கரங்களுக்கு மட்டும் நேரடி இணைப்பு இருந்தது, ஆனால் பெடலை ஆழமாக, பலமாக மிதிக்க வேண்டும். 2004இல் சுமார் 680,000 கார்களைத் திரும்ப அழைத்துச் சரிபார்த்தார்கள். 2006இல் ஈ-கிளாஸ் பழைய பாணிப் பிரேக்குக்கே திரும்பியது.

ஆனால் யோசனை சாகவில்லை. 2016இல் விற்பனைக்கு வந்த அல்ஃபா ரோமியோ ஜூலியாவிலும் கணினிவழிப் பிரேக். 510 குதிரைவலு கொண்ட அதன் குவாட்ரிஃபோலியோ வகையின் ஸ்டியரிங்கை, மின்சாரமாக இருந்தும், விமர்சகர்கள் கொண்டாடினார்கள். பிரேக் பெடலைப் பற்றித்தான் பலர் முகம் சுளித்தார்கள். அப்படியென்றால் பிழை மின்சாரத்தில் இல்லை. யாருக்காக அதை இசைத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

இனி வரும் வண்டிகள்

எங்கள் நாட்டில் வரி என்ஜின் கொள்ளளவோடு ஏறும். அதனால் எம்5 எல்லாம் போன் திரையோடு சரி. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தபோது, எங்கள் தெருக்களுக்கு வந்தவற்றில் ஹைபிரிட்டும் மின்சார வண்டியும் நிறைய. அந்தப் பெரிய செடான்களில் நடந்த சண்டை இப்போது இந்தச் சாதாரண வண்டிகளுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. இவற்றில் பிரேக்கை மிதித்ததும் முதலில் மோட்டார் மின்சாரம் பிறப்பித்துக்கொண்டே வேகத்தைக் குறைக்கும். பேட் பிறகுதான் பிடிக்கும். இறக்கத்துக்கு இது வரம்தான். ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் அந்த உதவி குறைந்துவிடும். பெடல் உங்களுக்கு அதைச் சொல்லாமலும் இருக்கலாம். பல ஹைபிரிட்களில் கியர் நெம்புகோலில் 'பி' என்று ஓர் இடம் இருப்பது அதற்காகத்தான். அங்கே தள்ளினால் என்ஜின் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். 'ஏறின கியரிலேயே இறங்கு' என்ற தாத்தாவின் விதி, புதுச் சட்டை போட்டுக்கொண்டு அங்கே நிற்கிறது.

இப்போது எங்கள் தோழியின் கேள்விக்கு நாங்கள் சொல்லும் பதில் இது. வண்டி திரும்பினால் போதும், நின்றால் போதும் என்பது பின் சீட்டில் இருப்பவரின் கணக்கு. நிற்காமல் போகப் போகிறது என்பதை அதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவர் முன்னால் இருக்கிறார். ஃபீல் என்பது அவருக்குச் சேர வேண்டிய தகவல். தோட்டத்து டிரைவருக்கு அது வெறுங்காலில் கிடைத்தது. கணினி வண்டி ஓட்டும் எங்களுக்கு அது எவ்வளவு கிடைக்கிறது என்று விற்பவரிடம் கேட்க வேண்டும். கண்டி நகரத்து நெரிசலில் ஏரியைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பது போதாது. கடுகண்ணாவை வரைக்கும் போய், மாவனெல்லைப் பக்கம் இறங்கிப் பாருங்கள். கீழே வந்ததும் பெடல் மேலே இருந்த இடத்திலேயே இருக்கிறதா, ஈரமான வளைவில் ஸ்டியரிங்கின் பாரம் மாறுகிறதா, வண்டியை விட்டு இறங்கினால் ஏதாவது மணக்கிறதா என்று கவனியுங்கள். பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது என்றும் கேளுங்கள். இதற்கெல்லாம் எம்5 தேவையில்லை.

உங்கள் வீட்டிலும் லொறியோ பஸ்ஸோ தோட்டத்துக் காரோ ஓட்டிய ஒருவர் இருப்பார். எந்த முடக்கில் எந்தக் கியர், எங்கே நிறுத்தி ஆறவிடுவது, காலில் என்ன தெரிந்தால் பயப்பட வேண்டும் என்று அவரிடம் கேட்டு எங்களுக்கு எழுதுங்கள். டோசனுக்குக் கோபுரம் இருக்கிறது. இவர்கள் காலால் படித்துவைத்தது இன்னும் எங்கும் எழுதப்படவில்லை.